சீட்டில் 'வேண்டாம்' இல்லை!



சிவகாசி அச்சகங்களில் வேலை பார்க்கும் தம்பிகளுக்குத் தெரியும். ஒரு படிவத்தில் எத்தனை கட்டம் இருக்க வேண்டும் என்பதை அச்சுக்குக் கொடுப்பவர்தான் முடிவு செய்கிறார், நிரப்புகிறவர் அல்ல. ஒரு தீவின் தலைவிதியே அப்படி ஒரு சீட்டில் எழுதப்பட்ட கதை தெரியுமா?

நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கடல் கடந்து சென்று, சூலியா பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் எழுப்பி வாழ்ந்த சிங்கப்பூர்தான் அது. 1962 செப்டம்பர் 1 அன்று, மலாயாவுடன் இணைவது பற்றி அங்கே பொது வாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் மூன்று கட்டங்கள். மூன்றும் 'எந்த முறையில் இணைவது?' என்பதற்கான பதில்களே. 'இணைய வேண்டாம்' என்று சொல்ல நான்காவது கட்டம் இல்லை!

வாக்களிப்பதோ கட்டாயம். மறுப்பவர் என்ன செய்வார்? வெற்றுச் சீட்டைப் போடுங்கள் என்றது எதிர்க்கட்சியான பாரிசான் சோசியலிஸ். 1,44,077 சீட்டுகள் வெறுமையாகவே விழுந்தன. நூற்றுக்கு 25க்கு மேல்! ஆளும் மக்கள் செயல் கட்சி ஆதரித்த முதல் கட்டத்துக்கு 71 விழுக்காடு. 1963 செப்டம்பர் 16 அன்று இணைப்பு நடந்தேறியது.

71 சிறிய எண் அல்ல. நான்காவது கட்டம் இருந்திருந்தாலும் இணைப்பே வென்றிருக்கலாம். ஆனால் கேட்காத கேள்விக்கு விடை ஏது?

பிறகு நடந்தது என்ன? 1964 ஜூலை 21, மீலாது ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது, உயிர்கள் பறிபோயின. இரு அரசுகளின் மோதலும் முற்றியது. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் பிரிந்தது. அன்று மக்களிடம் எந்தச் சீட்டும் நீட்டப்படவில்லை! சேர்வதற்கு மூன்று கட்டம். பிரிவதற்கு ஒன்றுகூட இல்லை.

விருதுநகர் வியாபாரிகளே! மூன்று விலை சொல்லி 'எது வேண்டும்?' என்று கேட்பவரிடம், 'சரக்கே வேண்டாம்' என்று எழுந்து வரத் தெரிந்தவர்கள் நீங்கள். வணிகர் சங்கத்திலும் ஜமாஅத் கூட்டத்திலும் மட்டும் ஏன் அந்தச் சாமர்த்தியத்தை மறக்கிறீர்கள்? தீர்மானம் வாசிக்கப்படும் நாளில் வந்து முணுமுணுத்துப் பயனில்லை. அது எழுதப்படும் நாளிலேயே போய் உட்காருங்கள்.

இளைஞர்களே! வாக்குரிமை பெரிது. கேள்வியை எழுதும் உரிமை அதைவிடப் பெரிது. அதை யார் கையில் விட்டு வைத்திருக்கிறீர்கள்? சிந்தியுங்கள்!