மாசுக்கு விலையுண்டு, இழந்த கூலிக்கு?

இறால் பண்ணையில் இடப்படும் தீவனத்திலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழக் கால் பங்கே இறாலின் உடலில் சேர்கிறது. எஞ்சியது கழிவுநீரிலும் குளத்துச் சேற்றிலும் கலக்கிறது. ஆதாயம் முதலாளிக்கு, கேடு ஊருக்கு.

1996 டிசம்பர் 11 அன்று ஜெகந்நாதன் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்த இறால் பண்ணைகளை அகற்றவும் ஆணையிட்டது. 2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, பதிவு பெற்ற பண்ணைகள் இயங்க வழிவிட்டது.

நாகைப் பகுதியில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனுடன் இப்பண்ணைகளை எதிர்த்து நின்றோரில் நிலமற்ற தலித் பெண்கள் பலர். வயல் குளமானபோது நிலத்தை விற்றவருக்கு விலை கிடைத்தது. நடவுக் கூலியை இழந்தவருக்கு ஒன்றுமில்லை. பட்டாவை மட்டும் பார்க்கும் இழப்பீட்டுக் கணக்கில் அவர்கள் இடம்பெறுவதே இல்லை.

வேலையிழப்பும் இழப்பே என்பதற்கு அத்தீர்ப்பிலேயே முன்னுதாரணம் உண்டு: மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளருக்கு ஆறாண்டு ஊதியத்தைக் கூடுதல் இழப்பீடாக வழங்கச் சொன்னது அது. அந்த நியாயம் வயல் கூலிகளுக்கும் பொருந்த வேண்டும்.

கசியும் கழிவை அளப்பது கடினம். வாங்கும் தீவனத்தை அளப்பது எளிது. ஆகவே தீவன அளவின்மீது கட்டணம் விதிக்கவும், அத்தொகையில் முதற்பங்கை நிலமற்றோரின் குடிநீருக்கும் இழந்த கூலிக்கும் ஒதுக்கவும் கோருகிறோம்.