கழிப்பறைகளைப் பழுதுபார்ப்பது யார் பொறுப்பு?

தூய்மை இந்தியா இயக்கத்தின் முதல் ஐந்தாண்டுகளில் ஊரகப் பகுதிகளில் 10 கோடிக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டதாக 2019 அக்டோபர் 2-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால், ஒற்றைக்குழிக் கழிப்பறைகளை இரட்டைக்குழியாக மாற்றும் இயக்கத்தை 2022-இல் மத்திய அரசே தொடங்க நேர்ந்ததிலிருந்து, கட்டப்பட்டவற்றில் குறைகள் இருந்தன என்பது தெளிவாகிறது.

இரட்டைக்குழி முறை எளியது. கழிவு, பிரிப்புத் தொட்டி வழியாக ஒரு நேரத்தில் ஒரு குழிக்கு மட்டுமே செல்ல வேண்டும். மற்றதன் வாய் அடைபட்டிருக்க வேண்டும். முதல் குழி நிரம்பியதும் அடைப்பை மாற்றிவிட்டால், அதிலுள்ள கழிவு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் மக்கி எருவாகிவிடும். மனிதன் மலத்தைத் தொட வேண்டிய தேவையே எழாது.

பயிற்சியற்ற கொத்தனார் இரண்டு வாய்களையும் திறந்தே விட்டுவிட்டால் குழிகள் இரண்டும் ஒருசேர நிரம்புகின்றன. குழியின் அடித்தளத்தைச் சிமெண்டால் பூசிவிட்டால் நீர் மண்ணில் இறங்காது. ஊரகக் கழிப்பறைக்கென உள்ள சரிவு மிகுந்த பீங்கானுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். வசதி வந்தபின் குளியலறையைப் புதுப்பிக்கும் குடும்பங்கள் அதை அகற்றிவிட்டு, விசைநீர்த் தொட்டியுடன் கூடிய மேலைநாட்டுக் கோப்பையைப் பொருத்துகின்றன. குளியல் நீரையும் அதே குழிக்குள் திருப்பிவிடுகின்றன. மண்ணால் உறிஞ்ச முடியாத அளவுக்கு நீர் சேர்ந்து, மழைக்காலத்தில் கழிவு கோப்பைக்கே திரும்புகிறது. நாற்றம் தாளாமல் கதவைப் பூட்டும் குடும்பத்தலைவியைப் பார்த்து, 'மக்களின் பழக்கம் மாறவில்லை' என்று குறைகூறுவது எவ்வகையில் நியாயம்?

பழுதைக் கண்டறிவது கடினமன்று. நாற்றம் வந்தால், கோப்பைக்குக் கீழுள்ள வளைவில் நீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கழிவு மெதுவாக இறங்கினால் முதலில் திறந்து பார்க்க வேண்டியது பிரிப்புத் தொட்டியை. குளியல் நீருக்குத் தனி உறிஞ்சுகுழி அமைத்தாலே பல வீடுகளில் சிக்கல் தீரும். இதற்கெல்லாம் பொறியாளர் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒரு கொத்தனார் போதும்.

நிதியும் இல்லாமல் இல்லை. 15-ஆவது நிதிக் குழு 2021-26 காலத்துக்கான ஊரக உள்ளாட்சி மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே வரையறுத்தது. ஆயினும், புதிய கழிப்பறைக்குக் கிடைக்கும் 12 ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையைப் பற்றித் தெரிந்த அளவுக்குப் பழுதுபார்ப்பைப் பற்றி மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. திறப்பு விழா நடத்த முடியாத பணி என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மக்காத கழிவுடன் நிரம்பிய குழியை யாரேனும் அள்ளித்தான் ஆக வேண்டும். மலம் அள்ளும் தொழிலில் மனிதர்களை ஈடுபடுத்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கழிவுநீர்க் குழாய்களில் இறங்கி உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசே நிதியளித்துக் கட்டிய குழிகள் இந்த இழிவுக்குப் புதிய வாசலாகிவிடக் கூடாது. எத்தனை கட்டப்பட்டன என்று நாடாளுமன்றத்தில் கேட்கும் உறுப்பினர்கள், எத்தனை குழிகள் திறந்து சோதிக்கப்பட்டன, எத்தனை திருத்தப்பட்டன என்றும் மாவட்டவாரியாகக் கணக்குக் கேட்க வேண்டும்.