ரேபிஸ் என்றால் 'கோபமா'? நாய்க்கடியில் ஒரு சொல் மறைக்கும் ஆபத்து!

தியாகதுருகம் கடைவீதியோ, கல்வராயன் மலை கிராமமோ... நாய் கடித்தது என்றதும் வரும் முதல் கேள்வி, "வெறி புடிச்ச நாயா, சும்மா கடிச்ச நாயா?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. பதில் தெரியட்டும் என்று காத்திருப்பதுதான் ஆபத்து. இந்தக் குழப்பத்தில் நோயின் பெயருக்கும் பங்கு உண்டு.

பெயர் எங்கிருந்து வந்தது?

'ரேபிஸ்' லத்தீன் சொல். பொருள்: வெறி, ஆவேசம். இதிலிருந்து பிறந்த ஸ்பானிய 'ராபியா', இத்தாலிய 'ராப்பியா', போர்ச்சுகீசிய 'ரைவா', பிரெஞ்சு 'ராஜ்' எல்லாமே இன்றும் நோயையும் குறிக்கும், கடுங்கோபத்தையும் குறிக்கும். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன 'ரேஜ்' கோபத்தோடு நின்றுவிட்டது. நோய்க்கு லத்தீன் பெயரையே ஆங்கிலம் வைத்துக்கொண்டது.

தமிழில் எப்படி?

லத்தீனோடு சம்பந்தமே இல்லாத தமிழும் அதே வழியில்தான் போயிருக்கிறது. சங்க இலக்கியத்தில் முருகன் அருள் வந்து வேலன் ஆடுவது வெறியாட்டு. இன்று குடிவெறி, சாதிவெறி, கொலைவெறி. அதே 'வெறி'தான் வெறிநாயிலும்.

அதில் என்ன சிக்கல்?

ரேபிஸ் வந்த நாய் எல்லாம் ஆவேசமாக ஓடாது. சில நாய்கள் சோர்ந்து, வாயில் எச்சில் ஒழுக மூலையில் படுத்திருக்கும். மனிதர்களிலும் சுமார் 20% பேருக்கு ஆவேசம் இல்லாமல், கை கால் செயலிழக்கும் வகைதான் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். "அமைதியான குட்டிதானே" என்று விடுவது இதனால்தான் தப்பு. அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

கடித்தால் என்ன செய்யணும்?

* காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவணும்.
* சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது.
* உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகணும். அங்கே தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-வது நாள் என மொத்தம் 4 தடவை. நடுவில் நிறுத்தக் கூடாது.
* ரத்தம் வரும் அளவு ஆழமான கடி என்றால் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை.

"தொப்புளைச் சுற்றி 14 ஊசி" என்ற பயம் வேண்டாம். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய தடுப்பூசி இப்போது இந்தியாவில் புழக்கத்தில் இல்லை. சந்தேகம் இருந்தால் 104-க்கு அழைக்கலாம்.

நாய்க்கு வெறி இருக்கா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கலாம். முதலில் காயத்தைக் கழுவுங்க, ஊசி போடுங்க.