ஒரு பிடி மண்ணுக்கு நாற்பத்து நான்கு ஆண்டுகள்



ஆண்டுதோறும் டிசம்பர் 3 அன்று ராஞ்சி நகரின் நடுவே ஆல்பர்ட் எக்கா சிலைக்கு மாலைகள் குவிகின்றன. அந்த நாற்சந்திக்கும் அவர் பெயர்தான். வயிற்றுப் பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்த தமிழ்க் குடும்பங்களில் அந்தச் சந்தியைக் கடக்காதவர் குறைவு. ஆனால் அங்கே நிற்பவர் யார் என்று கேட்டால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்?

எக்கா 1942 டிசம்பர் 27 அன்று, இன்றைய ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்து ஜாரி கிராமத்தில் ஓராவோன் ஆதிவாசிக் குடும்பத்தில் பிறந்தவர். 1962 இறுதியில் பட்டாளத்தில் சேர்ந்தார். 1971 போரின்போது 14-ஆவது கார்ட்ஸ் படையில் லான்ஸ் நாயக். பெரிய அதிகாரி அல்ல. கீழ்வரிசையில் நின்ற சிப்பாய்களில் ஒருவர்.

அகர்தலாவுக்கு மேற்கே, எல்லைக்கு அப்பால் கங்காசாகர் ரயில் நிலையம். அதைச் சுற்றிப் பாகிஸ்தான் படை பதுங்கு குழிகள் தோண்டி வலுவாக உட்கார்ந்திருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் நம் படை அங்கே தாக்கியது. எதிரியின் இயந்திரத் துப்பாக்கி ஒன்று நம் ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. எக்கா நேரே அதன் மேல் பாய்ந்தார். துப்பாக்கி முனைக் கத்தியால் இருவரை வீழ்த்தி அதன் வாயை அடைத்தார். படுகாயம் பட்டும் பின்வாங்கவில்லை. அடுத்து ஒரு கட்டடத்தின் மாடியிலிருந்து இன்னொரு துப்பாக்கி பொழியத் தொடங்கியது. தவழ்ந்து போய்க் கைக்குண்டு வீசினார். அதற்கும் அது ஓயாததால் சுவரேறி உள்ளே புகுந்து சுட்டவனை முடித்தார். அந்தக் காயங்களாலேயே உயிர் நீத்தார். அவருக்கு வயது 28. அந்தப் போரின் கிழக்கு முனையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே.

இதுவரை பாடப் புத்தகம் சொல்லும். இனிமேல் உள்ளதை நாம் சொல்ல வேண்டும்.

அவர் உடல் ஊருக்கு வரவில்லை. அகர்தலாவை அடுத்த சிற்றூர் ஒன்றிலேயே அடக்கமானது. இங்கே சந்திக்குப் பெயர் வந்தது, சிலை வந்தது, 2000-இல் தபால் தலை வந்தது. கணவன் துயிலும் இடத்தின் மண் மட்டும் அவர் மனைவிக்கு வரவில்லை. 2015 டிசம்பரில்தான் மாநில அரசு ஒரு கலயத்தில் மண் கொண்டுவந்தது. அந்தக் குடும்பம் அதை ஏற்க மறுத்தது. எங்கள் ஆள் ஒருவரும் உடன் வரவில்லையே, இது அவர் கல்லறை மண்தான் என்று எப்படி நம்புவது என்று கேட்டார்கள். பிறகு 2016 ஜனவரியில் குடும்பத்தாரே திரிபுரா போய், இடத்தைப் பார்த்து, மண் எடுத்து வந்தார்கள்.

மேடையில் நீட்டிய கலயத்தை ஏழை ஆதிவாசிக் குடும்பம் வேண்டாம் என்றது திமிரா? இல்லை, தோழர்களே! உரிமை. 2023-இல் அந்தமான் தீவு ஒன்றுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. மகிழ்ச்சி. பெயர் சூட்ட ஓர் உத்தரவு போதும். ஒரு விதவையின் கோரிக்கையைக் காதில் வாங்க நாற்பத்து நான்கு ஆண்டுகளா?

அந்தக் குடும்பத்தின் வேதனை நமக்கு அந்நியமல்ல. ஊரை விட்டு வந்த நம்மவர் சுரங்கத்திலும் தண்டவாளத்திலும் சாரத்திலும் மடியும்போது, தாய் முகம் பார்க்காமலே அடக்கம் முடிந்துவிடுகிறது. எந்த இடுகாடு, எந்த மூலை என்று கேட்டு ஊரிலிருந்து கடிதம் வந்தால் பதில் சொல்ல ஆளில்லை. போர்க்களத்தில் விழுந்தவனுக்கு விருதாவது உண்டு. வேலைக்களத்தில் விழுந்தவனுக்கு ஒரு பதிவேடு கூட இல்லை.

ஆகவே கிளைகள் அனைத்தையும் கேட்டுக்கொள்கிறோம். இறந்த தொழிலாளியின் பெயர், சொந்த ஊர், அடக்கம் செய்த இடம் மூன்றையும் எழுதி வையுங்கள். ஒரு பிரதியை அவர் குடும்பத்துக்கு அனுப்புங்கள். குடும்பத்தார் வந்து பார்க்க விரும்பினால் வழிச்செலவுக்குச் சந்தா திரட்டுங்கள்.

வரும் டிசம்பர் 3 அன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு எக்கா சிலைக்கு வாருங்கள். மாலை போடுவோம். அவர் வீரத்தோடு அந்தக் கலயத்தின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.