படிப்பும் ஓட்டமும் பகையல்ல

"உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?"

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போதெல்லாம் எங்கள் வீடுகளில் எழும் கேள்வி இது. சாதாரண தரம் வரை 200 மீற்றர் ஓடிய நானும் இந்தக் கேள்வியோடுதான் ஓட்டத்தை நிறுத்தினேன். வாப்பாவை நான் குறை கூறவில்லை. பாடங்கள் பின்தங்கிவிடும், தூர இடங்களுக்குப் போய்வருவது பாதுகாப்பில்லை என்ற அவரது பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், அந்தப் பயத்துக்கு மருந்து ஓட்டத்தை நிறுத்துவதா, அல்லது நம்பத்தக்க பயிற்றுவிப்பாளரைத் தேடுவதா?

அமெரிக்காவின் தெற்கே, கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது தெனசி அரச பல்கலைக்கழகம். அங்கே சமூகவியல் கற்பித்த எட் டெம்பிள், 40 வருடங்களுக்கும் மேலாகப் பெண்கள் ஓட்ட அணியையும் பயிற்றுவித்தார். ஆரம்பத்தில் போதிய பணமில்லை; ஓடுபாதையும் முழுமையாக இல்லை. போட்டிகளுக்குத் தமது காரிலேயே மாணவிகளை அழைத்துச் சென்றார். நிறப்பாகுபாடு சட்டமாக இருந்த காலம் அது. வழியிலுள்ள உணவகங்கள் அவர்களை உள்ளே விடாததால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே போனார்கள்.

கண்டிப்பிலும் அவர் குறைவைக்கவில்லை. பயிற்சிக்கு ஒரு நிமிடம் தாமதித்தால் மேலதிகமாக ஒரு சுற்று ஓட வேண்டும். 30 நிமிடம் தூங்கிவிட்ட வில்மா ருடோல்ப் 30 சுற்று ஓடினார். மறுநாள் 30 நிமிடம் முன்னதாகவே வந்து காத்திருந்தார். சிறுவயதில் போலியோவால் கால் பாதிக்கப்பட்ட அதே வில்மாதான் 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப்பதக்கங்கள் வென்றார். அவரோடு அஞ்சலோட்டத்தில் தங்கம் வென்ற மற்ற மூவரும் டெம்பிளின் மாணவிகளே.

அவரது அணியிலிருந்து 40 பேர் ஒலிம்பிக் சென்றார்கள். பதக்கங்களைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று: அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பட்டதாரிகளானார்கள். முதலில் படிப்பு, பிறகுதான் ஓட்டம் என்பதில் டெம்பிள் உறுதியாக இருந்தார். பெற்றோர் தம் பெண்பிள்ளைகளை நம்பி அனுப்பியதற்கும் அதுவே காரணம் என நினைக்கிறேன்.

எனவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "ஓடாதே" என்று சொல்லுமுன் கல்லூரிக்கு வந்து கேளுங்கள்: பயிற்சி எத்தனை மணிக்கு முடியும்? கூடப் போகும் ஆசிரியை யார்? புள்ளி குறைந்தால் என்ன செய்வீர்கள்? இக்கேள்விகளுக்குச் சரியான பதில் சொல்லும் கடமை கல்லூரிக்கு உண்டு. பதில் திருப்தியாக இருந்தால் எங்களை மைதானத்துக்கு அனுப்புங்கள்.

தோழியரே, நமக்கும் ஒரு கடமை உண்டு. நேரத்துக்கு வருவோம்; பாடத்தையும் விடாதிருப்போம். வாப்பாவிடம் இந்தக் கட்டுரையைக் காட்டிவிட்டு மறுபடியும் கேட்கப் போகிறேன்.