புதுக்குப்புறம் எங்கே போச்சு?



சங்க ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் கேட்டபோது, எல்லாரையும் போல ஒரு கவிதை எழுதிக் கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு விஷயம் ஒரு வருஷமாக மனசை அரித்துக்கொண்டிருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? கேட்டுவிட்டு நாலு திட்டு திட்டினாலும் பரவாயில்லை.

நான் மணப்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பையன். மணப்பாறை என்றால் உங்களுக்கு முறுக்கும் மாட்டுச் சந்தையும்தான் ஞாபகம் வரும். எனக்கு எங்கப்பாவின் கரணையும் ரசமட்டமும்தான். அப்பா கொத்தனார். அம்மா சித்தாள். எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். லீவு விட்டால் நானும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுவேன். பஸ் செலவுக்கும் டிராயிங் ஷீட்டுக்கும் காசு வேண்டுமே!

போன வருஷம் மே மாத லீவில், பக்கத்து ஊர் ஒன்றில் பழைய சிவன் கோயிலில் வேலை. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். வெளியூரில் நன்றாகச் சம்பாதிக்கிற ஊர்க்காரர்கள் சேர்ந்து நன்கொடை திரட்டியிருந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. கருவறைச் சுவரின் அடிப்பக்கம் முழுக்கப் பளபளவென்று டைல்ஸ் ஒட்ட வேண்டும். வழவழப்பான கருங்கல்லில் சிமெண்ட் பிடிக்காது, அதனால் கல்லைக் கொத்திவிடு என்று உளியையும் சுத்தியலையும் என் கையில் கொடுத்தார்கள். கொத்தினேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் பார்க்கிறேன், கல்லில் வரிவரியாக எழுத்து! பழைய தமிழ் எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

"அப்பா, எழுத்து இருக்குப்பா" என்றேன். அப்பா வந்து பார்த்தார். வேலை கொடுத்தவர்களிடம் போய்க் கேட்டார். "அதெல்லாம் இப்ப யாருக்குய்யா படிக்கத் தெரியும்? நாள் இல்ல, வேலையைப் பாருங்க" என்று பதில் வந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். பிறகு மிச்சத்தையும் கொத்தினேன். சாயங்காலம் கூலியும் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். எங்க தாத்தா கைநாட்டு. ஆனால் அந்தக் காலத்தில் மாடு கட்டிச் செக்கில் சுண்ணாம்பு அரைத்தவர். கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று விரலால் தொட்டே சொல்லுவார். அந்தச் செக்கின் கல் உருளை இன்னமும் எங்க வீட்டுக் கொல்லையில்தான் கிடக்கிறது. அம்மா அதன் மேல்தான் துணி துவைக்கிறார். தாத்தா கேட்டது ஒரே கேள்வி: "ஏன்டா, கல்லுக்குச் சட்டை போட்டா அதுக்கு வேர்க்காதா?"

அந்த ஐப்பசி மழையில் போய்ப் பார்த்தேன். வேர்த்துத்தான் இருந்தது! டைல்ஸுக்கு மேலே சுவர் ஓதம் காத்து, உள்ளே கருவறைத் தரையெல்லாம் ஈரம். தண்ணீர் வெளியே போகிற பழைய கல் தூம்பு, புதிதாகப் போட்ட சிமெண்ட் தரைக்கு அடியில் போய்விட்டது. வாசலில் மட்டும் நன்கொடையாளர்கள் பெயர் சலவைக்கல்லில் ஜோராக மின்னியது.

அதற்கப்புறம் லைப்ரரியில் கல்வெட்டு பற்றிய ஒரு புத்தகத்தைப் புரட்டும்போது ஒரு சொல் கண்ணில் பட்டது. "புதுக்குப்புறம்". கோயிலைப் பழுது பார்ப்பதற்கென்றே எழுதி வைத்த நிலத்துக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். விளக்கெரிக்கத் தனி நிலம், நந்தவனத்துக்குத் தனி நிலம், அதே மாதிரி ரிப்பேருக்கும் தனி நிலம்! பார்த்தீர்களா? கட்டினால் போதாது, வருஷா வருஷம் பார்த்துக்கொள்ளவும் வேண்டும் என்று அன்றைக்கே கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கைக் கல்லில் வெட்டியும் வைத்தார்கள். நான் கொத்திய கல்லில் என்ன எழுதியிருந்ததோ தெரியாது. ஒருவேளை ரிப்பேருக்காக ஒருவன் எழுதி வைத்த பத்திரத்தை, ரிப்பேர் என்ற பெயரிலேயே நான் அழித்திருந்தால்? இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை நண்பர்களே.

நம் ஜனங்களுக்குக் கொடுக்க மனசில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நம்ம ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நானூறு வருஷமாக அரைகுறையாக நின்ற ராஜகோபுரத்தை, அகோபில மடத்தின் 44-ஆவது ஜீயர் முன்னின்று 1979-ல் கட்டத் தொடங்கினார். 1987 மார்ச் 25 அன்று கும்பாபிஷேகம். 13 நிலை, 236 அடி! ஒரு நிலைக்கான செலவை இசைஞானி இளையராஜா ஏற்றுக்கொண்டார். பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான ஜனங்களின் காசும் அதில் இருக்கிறது. மணப்பாறையிலிருந்து பஸ்ஸில் வருகிற நான்கூட காவிரிப் பாலத்தில் அதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் அதே கோயிலில் அதற்கப்புறம் நடந்த இன்னொரு வேலையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2015-ல் கும்பாபிஷேகத்துக்கு முன்னால் பெரிய திருப்பணி நடந்தது. நன்கொடையாளர்களும் கோயில் நிர்வாகமும் சேர்ந்து செய்தது. பிராகாரங்களில் காலகாலமாக மேவிப்போன மண்ணை அள்ளினார்கள். மூடிக்கிடந்த பழைய அடித்தளத்தை வெளியே கொண்டுவந்தார்கள். இடையில் முளைத்த பிற்காலக் கட்டுமானங்களை அகற்றினார்கள். முக்கியமாக, மழைத் தண்ணீர் வெளியேறுகிற பழைய வடிகால் அமைப்பைத் திரும்பவும் வேலை செய்ய வைத்தார்கள். இதற்குத்தான் 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. தமிழ்நாட்டில் இந்த விருதை வாங்கிய முதல் கோயில் நம் ஸ்ரீரங்கம்தான். நாமெல்லாம் அப்போது டவுசர் போட்ட பிள்ளைகள். கவனியுங்கள், விருது உயரத்துக்குக் கிடைக்கவில்லை. மண் அள்ளினதுக்கும் சாக்கடை சரி செய்ததுக்கும் கிடைத்தது!

சரி, அதோடு எல்லாம் முடிந்ததா? இல்லை. 2023 ஆகஸ்ட் 5 அன்று, விடிவதற்கு ரொம்ப நேரம் முன்னால், அதே கோயிலின் கிழக்குக் கோபுரத்தில் கொடுங்கையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நடுராத்திரி என்பதால் யாருக்கும் காயமில்லை. பகலாக இருந்தால்? 156 ஏக்கர், ஏழு பிராகாரம், 21 கோபுரம். ஒரு தடவை செலவு செய்துவிட்டு 12 வருஷம் திரும்பிப் பார்க்காமல் இருக்க அது என்ன காங்கிரீட் கம்பமா?

நம் பாடத்தில் வைத்தே இதைப் பார்ப்போம். கோபுரத்துக்குக் கீழே கருங்கல். மேலே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும், அதற்கு மேல் சுதை பொம்மைகள். காக்கை எச்சத்தில் விழுகிற ஒரு அரச விதை போதும். செடி முளைக்கும், வேர் காரைக்குள் இறங்கும், விரிசல் விடும், விரிசலில் தண்ணீர் போகும். முளைக்கிறபோதே பிடுங்கினால் ஒரு ஆள் கூலி. பத்து வருஷம் விட்டால் லட்சக்கணக்கில் செலவு. விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் இன்னும் மோசம். சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பவும் கல்லாகிறது. ஈரத்தை வாங்கினாலும் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அப்படி விடாது. ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், பழைய செங்கல் உப்புப் பூத்து உதிரும். எங்க தாத்தா சொன்ன சட்டை இதுதான்!

மழைக்கு மதம் கிடையாது. மலைக்கோட்டையைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். தெப்பக்குளத்துக்கு எதிரே லூர்து மாதா கோயில், இந்தப் பக்கம் நத்தர்ஷா பள்ளிவாசல், மேலே தாயுமானவர். எல்லாக் கூரையிலும் ஒரே மழைதான் இறங்குகிறது. இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே பழைய தேவாலயங்களின் ரிப்பேருக்காகவே 1953-ல் ஒரு அறக்கட்டளை ஆரம்பித்தார்கள். 2007 முதல் நேஷனல் சர்ச்சஸ் டிரஸ்ட் என்ற பெயரில் அந்த வேலை தொடர்கிறது. பணம் கொடுப்பது எதற்கு என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கூரைக்கும், தண்ணீர் இறங்குகிற தகரக் குழாய்க்கும், வருஷா வருஷம் செய்கிற பராமரிப்புக்கும்கூட! புதுக்குப்புறத்தை நாம் மறந்துவிட்டோம், அவர்கள் வேறு பெயரில் நடத்துகிறார்கள்.

நம் ஊரிலும் ஆட்கள் இல்லாமல் இல்லை. தொல்லியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டி. சத்தியமூர்த்தி தொடங்கிய ரீச் பவுண்டேஷன், பாழடைந்த கிராமத்துக் கோயில்களை ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு பழமை மாறாமல் சீர் செய்கிற வேலையில் இறங்கியது. அப்பர் சுவாமிகள் உழவாரப்படையைத் தோளில் வைத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கினாரே, அதே வழியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் உழவாரப்பணி செய்கிற குழுக்களும் பல ஊரில் உண்டு.

அரசாங்கமும் சும்மா இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கோயில்களுக்காக 2022-23 பட்ஜெட்டில் 100 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அதற்கு முந்தின வருஷம், 2021 ஜூனில், சென்னை உயர் நீதிமன்றம் பழமையான சின்னங்களைக் காப்பதற்காக 75 உத்தரவுகள் போட்டது. பணம் இருக்கு, உத்தரவு இருக்கு, கொடுக்கிற மனசும் இருக்கு. அப்புறம் எது இல்லை? வேலை நடக்கிற இடத்தில், உளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் "தம்பி, நிறுத்து!" என்று சொல்ல விஷயம் தெரிந்த ஒரு ஆள் இல்லை. அன்றைக்கு அந்த இடத்தில் நின்ற ஆள் நான்தான். இரண்டு வருஷம் சிவில் டிப்ளமோ படித்த நான்! எனக்கே சொல்லத் தெரியவில்லையே, யாரைக் குறை சொல்ல?

"அரசுப் பள்ளிக்கூடமே ஒழுகுது, கோயிலுக்கு எதுக்குடா காசு?" என்று ஹாஸ்டல் நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. பள்ளிக்கூடம் ஒழுகக் கூடாது, அதற்காகச் சங்கம் போராடினால் முதல் வரிசையில் நான் நிற்பேன். ஆனால் நான் கேட்பது புதுக் காசு இல்லை. ஏற்கெனவே வருகிற நன்கொடையைச் சரியான இடத்தில் செலவழியுங்கள் என்கிறேன். டைல்ஸுக்குப் போன காசில் பாதியில் அந்தத் தூம்பைத் திறந்திருக்கலாம். சாமி இல்லை என்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்பாவிட்டாலும் போகட்டும். ஆயிரம் வருஷம் நிற்கிற ஒரு கட்டடத்திடம் சிவில் மாணவனுக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையா?

ஆகவே என்னுடைய கோரிக்கைகள் மூன்று.

முதலாவது, நன்கொடை கொடுக்கிற பெரியவர்களுக்கு. கொடுக்கிற நூறு ரூபாயில் பத்து ரூபாயைப் புதுக்குப்புறமாக எடுத்து வையுங்கள். வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை ஏறிச் செடி பிடுங்கவும், தூம்பு அடைப்பு எடுக்கவும் மட்டும் அது. உங்கள் பெயர் சலவைக்கல்லில் வராது. ஆனால் கோயில் நிற்கும்.

இரண்டாவது, திருப்பணி செய்கிறவர்களுக்கு. உளியை எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். இன்றைக்குத்தான் எல்லார் சட்டைப்பையிலும் கேமரா இருக்கிறதே! எழுத்து இருந்தால் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போனால் சாமி கோபித்துக்கொள்ளாது.

மூன்றாவது, நமக்கு. மொட்டை மாடியில் வெதரிங் கோர்ஸ் போடுவதைப் படிக்கும்போது சுண்ணாம்பு பற்றி ரெண்டு பக்கம் படிக்கிறோம், பரீட்சை எழுதுகிறோம், மறந்துவிடுகிறோம். நம் லேபில் சுண்ணாம்புக் காரையைக் கையால் கலந்து பார்க்க ஒரு வாய்ப்பு வேண்டும் என்று துறைத்தலைவர் சாரிடம் சங்கம் கேட்க வேண்டும். டம்பி லெவல் வைத்து அதே காலேஜ் மைதானத்தைத் திரும்பத் திரும்ப அளக்கிறோமே, ஒரு தடவை ஒரு கிராமத்துக் கோயில் பிராகாரத்தில் வைத்து அளப்போம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று ஒரு வரைபடம் போட்டு ஊர்க்காரர்கள் கையில் கொடுப்போம். செலவு பஸ் கட்டணம் மட்டும்தான். சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமா? எங்க தாத்தாவைக் கூட்டி வருகிறேன். வெற்றிலைக்குக் காசு கொடுத்தால் போதும்!

முதல் கோயில் எது என்று கேட்காதீர்கள். அந்தப் பக்கத்து ஊர்க் கோயில்தான். டைல்ஸைப் பெயர்த்தால் என்ன மிச்சம் இருக்குமோ தெரியாது. நான் கொத்தாமல் விட்ட கடைசி ரெண்டு வரி ஒரு மூலையில் இருக்கிறது. அதையாவது படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். அடுத்த லீவில் நான் போகப் போகிறேன். யார் யார் வருகிறீர்கள்?

— மூன்றாமாண்டு சிவில் மாணவன், மணப்பாறை