இளையோர் துயருக்கு இளையோரே துணை

மனநோய் என்றதும் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்று சொல்லி நகைப்பது மலேசியத் தமிழரிடையே நெடுநாளைய வழக்கம். 1911ஆம் ஆண்டில் அங்குத் தோன்றிய மருத்துவமனைக்குப் பின்னாளில் ‘பஹாகியா’, அதாவது மகிழ்ச்சி, என்றே பெயர் சூட்டப்பட்டது. ஏளனம் மட்டும் மாறவில்லை. அந்த நகைப்புக்கு அஞ்சியே இளையோர் பலர் தம் துயரை நெஞ்சுக்குள் புதைக்கின்றனர்.

2022ஆம் ஆண்டில் மலேசிய இடைநிலைப்பள்ளி மாணவரிடையே நடந்த தேசிய ஆய்வு, நால்வரில் ஒருவர் மனச்சோர்வுற்றதையும் எண்மரில் ஒருவர் தற்கொலை எண்ணம் கொண்டதையும் காட்டியது. இஃது எல்லா இனத்தார்க்கும் உரிய கணக்கு. சிறுபான்மை இனத்துப் பிள்ளைக்கோ மற்றுமொரு சுமை உண்டு. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்ற சிறுவன் பதின்மூன்றாம் வயதில் மலாய்மொழிப் பள்ளிக்குள் நுழைகிறான். அவன் நிறம் கேலிக்கு உள்ளாகிறது. குண்டர் கும்பலைச் சேர்ந்தவனோ என்னும் ஐயப்பார்வை அவன்மீது விழுகிறது. வளர்ந்து வாடகை அறை தேடும்போது, ‘இந்தியருக்கு இல்லை’ என்னும் விளம்பரம் எதிர்ப்படுகிறது.

இதை அவன் யாரிடம் உரைப்பான்? “தோட்டத்தில் நாங்கள் படாத பாடா?” என்பர் பெற்றோர். “படிப்பில் கவனம் வை” என்பார் ஆசிரியர். வேற்றினத்து ஆலோசகரிடமோ, ஒரு சொல் ஏன் சுட்டது என்பதையே முதலில் விளக்க வேண்டும். அதே சொல்லை அதே வகுப்பில் கேட்ட தோழனுக்கு அவ்விளக்கம் வேண்டா. ஆதலின் இளையோரே முன்னின்று நடத்தும் துணைக்குழுக்கள் தேவை.

“அனுபவமற்றவர் என்ன அறிவர்?” எனச் சிலர் வினவுவர். நோய் தீர்ப்பது இளையோர் பணியன்று. பொறுமையுடன் கேட்பதும், கேட்டதைப் பரப்பாதிருப்பதும், உயிருக்கு ஆபத்தெனில் தயங்காது ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ சேர்ப்பதுமே அவர்தம் கடமை. இதற்குப் பயிற்சி வேண்டும் என்பது உண்மை. நட்புக்கு 79ஆம் அதிகாரம் வகுத்த வள்ளுவர், உடனே நட்பாராய்தலுக்கு 80ஆம் அதிகாரம் வகுத்தார் அன்றோ? இடைநிலைப்பள்ளிகளில் ‘பெம்பிம்பிங் ராக்கான் செபாயா’ என்னும் சகமாணவர் வழிகாட்டிக் குழுக்கள் முன்னரே உள்ளன. தமிழ் மாணவர் அவற்றில் சேர்ந்து தமிழிலும் துணைநிற்கத் தடை யாது?

தமிழ்மொழிக் கழகங்கள் பட்டிமன்றம் நடத்துகின்றன. பேச்சுப் போட்டி நடத்துகின்றன. பேசப் பழக்கிய சமுதாயம் கேட்கப் பழக்கவில்லை. குறை அங்கேதான் உள்ளது.

இன இழிவைக் கண்டிக்கும் பொறுப்பு பள்ளிக்கே உரியது. துணைக்குழு அதற்கு மாற்றாகாது. ஆயினும் இழிவு ஒழியும் நாள்வரை பிள்ளை தனித்திருத்தல் தகுமோ?

தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கொண்ட சட்டப்பிரிவைச் சிங்கப்பூர் 2020இலும் மலேசியா 2023இலும் நீக்கின. சட்டம் கைவிட்ட தண்டனையைச் சமுதாயம் ஏளனத்தால் தொடர்வது அறமன்று. தமிழாசிரியர் இடமும் பயிற்சியும் நல்கட்டும். தலைமையை இளையோரிடமே விடட்டும்.